வ்யூஸ் கோப்பில் ஒரே நிரல் 11 தடவை: எதைச் சுருக்கலாம், எதைத் தொடக்கூடாது

உங்கள் கேள்வியை இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் பதிலுக்குப் போகிறேன். பந்தல், நாற்காலி, சமையல் பாத்திரம் வாடகைக்கு விடும் கடைக்காக, பைத்தானில் வலைச் செயலி எழுத உதவும் ஜாங்கோவில் ஒரு செயலி எழுதியிருக்கிறீர்கள். கடைக்கு மூன்று கிளைகள். வாடிக்கையாளர், பொருள், முன்பதிவு, ரசீது, திரும்பி வந்த சரக்கு என்று ஒவ்வொன்றுக்கும் எழுதியதில் 11 வ்யூக்கள் (ஒரு பக்கத்துக்கான கோரிக்கை வந்தால் பதில் தரும் நிரல்) சேர்ந்து, கோப்பு 500 வரியைத் தாண்டிவிட்டது. ஒன்றை எழுதி, மற்றதையெல்லாம் காப்பி பேஸ்ட் செய்து பெயரை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். "எல்லாவற்றையும் கிளாஸ் வ்யூவாக மாற்றினால் பாதியாகக் குறையுமா?" என்று கேட்கிறீர்கள். (கிளாஸ் வ்யூ என்பது, ஃபங்ஷனுக்குப் பதில் ஜாங்கோவின் தயார் கிளாஸை அடிப்படையாக வைத்து எழுதும் வ்யூ.)

குறையும். ஆனால் அதை முதல் வேலையாகச் செய்யாதீர்கள். வரி எண்ணிக்கை உங்கள் பிரச்சினையே இல்லை. ஒரு முடிவு மாறினால் எத்தனை இடத்தில் கை வைக்க வேண்டியிருக்கிறது, அதில் ஒன்று விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதுதான் பிரச்சினை. இதை அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு.

பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இதே மாதிரி ஒரு செயலி இருந்தது. ஒரே அமைப்பில் ஒன்பது வ்யூக்கள். பாதி எழுதி முடித்த பிறகுதான், "இந்தப் பதிவு இந்தப் பயனருக்கு உரியதா" என்ற சோதனையைச் சேர்த்தோம். பழையவற்றுக்கும் போய்ச் சேர்த்தோம். எட்டாவது வ்யூவை மட்டும், சோதனை சேர்ப்பதற்கு முந்தைய ஒரு பிரதியிலிருந்து காப்பி செய்திருக்கிறார்கள். யாரும் கவனிக்கவில்லை. பார்வைக்கு மற்ற எட்டும் போலவே இருந்ததால் கண் அதைத் தாண்டிப் போய்விட்டது. ஒரு வாடிக்கையாளர் முகவரிப் பட்டையில் இருந்த எண்ணை ஒன்று கூட்டிப் பார்த்தார். அடுத்தவருடைய ரசீது, பெயர், போன் நம்பரோடு திறந்தது. அவர் நல்ல மனிதர், எங்களுக்குப் போன் செய்து சொன்னார். அதிலிருந்து திரும்பத் திரும்ப வரும் நிரலைப் பார்த்தால், எந்தப் பிரதியில் எது விட்டுப்போயிருக்கும் என்றுதான் முதலில் தேடுகிறேன்.

சரி, உங்கள் 'முன்பதிவைத் திருத்து' வ்யூவை எடுத்துக்கொள்வோம். தமிழில் படித்தால் இப்படி இருக்கிறது:

லாகின் செய்தவரா? இல்லையென்றால் லாகின் பக்கத்துக்கு அனுப்பு.
முகவரியில் வந்த எண்ணுக்குரிய முன்பதிவைத் தேடு. இல்லையென்றால் 404.
முன்பதிவின் கிளையும் பயனரின் கிளையும் ஒன்றா? இல்லையென்றால் 403 (அனுமதி இல்லை; மேலே வந்த 404 என்றால் பக்கமே இல்லை).
போஸ்ட் (படிவத்தை அனுப்பும் கோரிக்கை) வந்திருந்தால் படிவத்தில் நிரப்பு. சரியாக இருந்தால் சேமி, 'சேமிக்கப்பட்டது' என்று காட்டு, பட்டியலுக்குத் திருப்பி அனுப்பு.
போஸ்ட் இல்லையென்றால் பழைய விவரங்களோடு படிவத்தைக் காட்டு.
கடைப் பெயர், லோகோ, இன்று திரும்ப வேண்டிய சரக்கின் எண்ணிக்கை மூன்றையும் எடுத்து டெம்ப்ளேட்டுக்கு (பக்கத்தின் வடிவத்தை எழுதிய கோப்பு) கொடு.

நாற்பது சொச்சம் வரியில் வ்யூவுக்கு வ்யூ மாறுவது நான்குதான்: மாடல் (டேட்டாபேஸ் அட்டவணையை விவரிக்கும் கிளாஸ்), படிவம், டெம்ப்ளேட், திரும்பிப் போகும் பக்கம். மற்றதெல்லாம் அப்படியே நகல். அதற்காக எல்லா நகலும் ஒரே ரகம் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் மூன்றும் பாதுகாப்பு விதிகள். நடுவில் இருப்பவை வெறும் சடங்கு. கடைசியில் இருப்பது பக்கத்தின் அலங்காரம். ஒவ்வொன்றுக்கும் ஜாங்கோவில் தனித்தனி இடம் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே தாய் கிளாஸில் திணித்தால், மூன்று மாதம் கழித்து அதைத் திறக்க உங்களுக்கே பயமாக இருக்கும்.

எதையும் தொடுவதற்கு முன் டெஸ்ட் எழுதுங்கள். பெரிய டெஸ்ட் வேண்டாம், ஓர் அட்டவணை போதும். ஒரு பக்கம் 11 முகவரிகள். மறுபக்கம் மூன்று ஆட்கள்: லாகின் செய்யாதவர், அதே கிளைக்காரர், வேறு கிளைக்காரர். ஜாங்கோவின் டெஸ்ட் கிளையன்ட்டை வைத்து ஒவ்வொரு கட்டத்திலும் என்ன எண் வருகிறது என்று பாருங்கள். முதலாமவருக்கு 302 (வேறு பக்கத்துக்குத் திருப்புதல்), இரண்டாமவருக்கு 200 (சரி), மூன்றாமவருக்கு 403 வர வேண்டும். ஒரு லூப்புக்குள் 'சப்டெஸ்ட்' போட்டு எழுதினால் ஒன்று தோற்றாலும் மற்றவை ஓடும். எந்த முகவரி, எந்த ஆள் என்று பெயரோடு காட்டும். பட்டியல், சேர்த்தல் பக்கங்களுக்கு மட்டும் மூன்றாவது ஆளின் சோதனை வேறு மாதிரி: மற்ற கிளை வாடிக்கையாளரின் பெயர் அந்தப் பக்கத்தில் எங்காவது தலைகாட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இதை எழுதி முடிப்பதற்குள்ளேயே ஒரு கட்டமாவது சிவப்பாக வரலாம். வந்தால் சந்தோஷப்படுங்கள், வாடிக்கையாளருக்கு முன் நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். சுருக்கும் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு அதை உடனே சரிசெய்யுங்கள்.

இனி லாகின் சோதனை. 'லாகின் ரிக்வயர்டு' டெகரேட்டரை (ஃபங்ஷனுக்கு மேலே ஒட்டி அதன் நடத்தையை மாற்றும் வரி) ஒவ்வொரு வ்யூவின் தலையிலும் போட்டால் ஐந்து வரி ஒரு வரியாகும். ஆனால் பன்னிரண்டாவது வ்யூவில் அந்த ஒரு வரியைப் போட மறந்தால்? கதவு திறந்தே கிடக்கும். 2024 ஆகஸ்டில் வந்த ஜாங்கோ 5.1-இல் 'லாகின் ரிக்வயர்டு மிடில்வேர்' என்ற ஒன்றைச் சேர்த்தார்கள்; மிடில்வேர் என்பது, ஒவ்வொரு கோரிக்கையும் வ்யூவுக்குப் போகுமுன் கடக்கும் அடுக்கு. செட்டிங்ஸில் ஆதென்டிகேஷன் மிடில்வேருக்குக் கீழே அதைச் சேர்த்துவிட்டால், எல்லாப் பக்கமும் பூட்டித்தான் இருக்கும். பொதுவில் திறக்க வேண்டிய பக்கத்துக்கு மட்டும் 'லாகின் நாட் ரிக்வயர்டு' என்று எழுத வேண்டும். மறந்தால் பக்கம் பூட்டியே கிடக்கும். யாராவது திறக்கவில்லை என்று புகார் சொல்வார்கள், அவ்வளவுதான். மறதியின் விளைவு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைத்தான் நான் இங்கே பெரிதாக நினைக்கிறேன். ஒரே எச்சரிக்கை: லாகின் பக்கத்தை நீங்களே எழுதியிருந்தால் அதற்கு அந்த விலக்கைக் கொடுங்கள். இல்லாவிட்டால் லாகின் பக்கம் தன்னையே லாகின் செய்யச் சொல்லிச் சுற்றிக்கொண்டிருக்கும். ஜாங்கோவோடு வரும் லாகின் வ்யூவுக்கு அந்த விலக்கு ஏற்கெனவே உண்டு.

அடுத்தது பதிவைத் தேடுவதும் கிளையைச் சரிபார்ப்பதும். உங்கள் செயலியில் மிக முக்கியமான இடம் இதுதான். இப்போது முதலில் பதிவை எடுத்து, அப்புறம் கிளையைப் பார்க்கிறீர்கள். இரண்டு படிகள் இருப்பதால்தான் இரண்டாவது விட்டுப்போக வாய்ப்பு வருகிறது. இரண்டையும் ஒன்றாக்குங்கள். ஒரு குவரிசெட் கிளாஸ் (குவரிசெட் என்பது டேட்டாபேஸிலிருந்து எடுக்கும் பதிவுகளின் தொகுப்பு) எழுதி, அதில் 'பயனருக்கு உரியவை' என்று ஒரே ஒரு மெத்தட் வையுங்கள். பயனரை வாங்கிக்கொண்டு, அவர் கிளையின் பதிவுகளை மட்டும் வடிகட்டித் தர வேண்டும். ஒரு வரி வேலை. அதை 'ஆஸ் மேனேஜர்' வழியாக எல்லா மாடலுக்கும் கொடுங்கள். 'கெட் ஆப்ஜெக்ட் ஆர் 404' ஃபங்ஷனுக்கு மாடலைத்தான் கொடுக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். குவரிசெட்டையும் கொடுக்கலாம். ஆகவே வ்யூவில் மிஞ்சுவது ஒரே வரி: இந்தப் பயனருக்கு உரிய முன்பதிவுகளில் இந்த எண்ணை எடு, இல்லையென்றால் 404.

கவனியுங்கள், வேறு கிளைக்காரருக்கு இதுவரை 403 போனது, இனி 404 போகும். அது நல்லதுதான். 403 என்றால் 'இருக்கிறது, உனக்குக் காட்டமாட்டேன்' என்று அர்த்தம்; 404-இல் இருக்கிறதா இல்லையா என்பதே வெளியே தெரியாது. டெஸ்ட் அட்டவணையில் அந்தக் கட்டத்தை இதே கமிட்டில் (கிட்டில் ஒரே தடவையில் பதியும் மாற்றம்) மாற்றுங்கள். எண் தெரியாமல் மாறியதல்ல, தெரிந்தே மாற்றியது என்பதற்கு அதுவே சாட்சி.

கிளை என்ற ஃபீல்டை ஐந்து மாடல்களிலும் தனித்தனியாக எழுதியிருந்தால் ஓர் அப்ஸ்ட்ராக்ட் மாடலுக்கு (தனக்கென்று அட்டவணை இல்லாத தாய் மாடல்) நகர்த்தலாம். விவரம் எதுவும் மாறாமல் நகர்த்தினால் டேட்டாபேஸில் எதுவும் மாறாது. மாடல் மாற்றங்களைக் கண்டுபிடிக்கும் 'மேக்மைக்ரேஷன்ஸ்' கட்டளையை 'செக்' விருப்பத்தோடு ஓட்டிப் பாருங்கள், மாற்றம் எதுவும் இல்லை என்று சொல்ல வேண்டும். எதையாவது காட்டினால் நகர்த்தும்போது ஏதோ கை தவறியிருக்கிறது.

இதே விதி ஒளிந்திருக்கும் இன்னொரு இடத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் வ்யூவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது. முன்பதிவுப் படிவத்தில் வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுக்கும் கீழிறங்கு பட்டியல் இருக்கிறது அல்லவா? மாடல் ஃபார்ம் அதைத் தானாக உருவாக்கும்போது எல்லா வாடிக்கையாளரையும் போட்டுவிடும், மூன்று கிளைக்காரர்களையும் சேர்த்து. வ்யூவில் எவ்வளவு பூட்டுப் போட்டாலும் பட்டியலில் பக்கத்துக் கிளையின் பெயர்கள் வரிசையாகத் தெரியும். படிவம் உருவாகும்போது பயனரை உள்ளே அனுப்பி, அந்த ஃபீல்டின் குவரிசெட்டை அதே 'பயனருக்கு உரியவை' மெத்தடால் மாற்றுங்கள். ஒரே விதி, ஒரே இடத்தில் எழுதியது, வ்யூவும் படிவமும் இரண்டுமே கேட்கிறது. நாளைக்கு முதலாளி "எனக்கு மட்டும் மூன்று கிளையும் தெரிய வேண்டும்" என்றால் அந்த ஒரு மெத்தடில் ஒரு நிபந்தனை சேர்த்தால் முடிந்தது.

கடைப் பெயர், லோகோ, எண்ணிக்கை மூன்றும், எல்லா டெம்ப்ளேட்டுக்கும் பொது விவரம் தரும் கான்டெக்ஸ்ட் பிராசஸருக்குப் போக வேண்டியவை. அதில் ஒரே ஒரு கவனம்: அது ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓடும். எண்ணிக்கையை அங்கேயே கணக்கிட்டால், அந்த எண்ணே காட்டப்படாத பக்கத்துக்கும் ஒரு குவரி வீணாகும். எண்ணுக்குப் பதில் எண்ணித் தரும் ஃபங்ஷனைக் கொடுங்கள். ஜாங்கோ டெம்ப்ளேட், ஃபங்ஷனைப் பார்த்தால் தானே அழைத்துக்கொள்ளும், அதுவும் பயன்படுத்தும் இடத்தில் மட்டும்.

டெம்ப்ளேட்டுகளில் எக்ஸ்டெண்ட்ஸ் (ஒரு பொது டெம்ப்ளேட்டை நீட்டி எழுதுவது) ஏற்கெனவே வைத்திருக்கிறீர்கள், நல்லது. ஒவ்வொரு ஃபீல்டுக்கும் லேபிள், பெட்டி, பிழைச்செய்தி என்று ஆறு வரி எழுதியிருப்பதற்கு, ஜாங்கோ 5.0-இல் வந்த 'ஆஸ் ஃபீல்டு குரூப்' ஒரே வரியில் முடித்துத் தரும். அந்த வடிவம் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒரே டெம்ப்ளேட்டில் எழுதிக்கொள்ளலாம்.

இப்போதுதான் கிளாஸ் வ்யூ. மேலே சொன்னவற்றை முடித்தாலே ஒவ்வொரு வ்யூவும் பன்னிரண்டு பதினைந்து வரிக்கு வந்துவிடும். மிஞ்சியிருப்பது படிவச் சடங்கு. வாடிக்கையாளர், பொருள் இரண்டின் பட்டியல், சேர்த்தல், திருத்தல் வ்யூக்கள் ஆறும் அச்சு அசலாக ஒன்றுதான். அவற்றை லிஸ்ட் வ்யூ, கிரியேட் வ்யூ, அப்டேட் வ்யூ ஆக்குங்கள். 'கெட் குவரிசெட்' மெத்தடில் நம் விதியைக் கூப்பிடும் ஒரு சின்ன மிக்ஸின் (மற்ற கிளாஸ்களோடு சேர்க்கும் துணைக் கிளாஸ்) போதும். மிக்ஸினை அடைப்புக்குறிக்குள் இடது பக்கம் எழுத வேண்டும், வ்யூ கிளாஸ் வலது பக்கம். மாற்றி எழுதினால் பிழை எதுவும் காட்டாமல், உங்கள் 'கெட் குவரிசெட்' ஓடாமலே போய்விடும், எல்லாக் கிளையின் பதிவுகளும் வந்து நிற்கும். டெஸ்ட் அட்டவணை அப்போது காப்பாற்றும்.

ரசீது போடுவது, சரக்குத் திரும்புவது, முன்பதிவை ரத்து செய்வது போன்றவற்றை ஃபங்ஷனாகவே விடுங்கள் என்பது என் கருத்து. அங்கே நடப்பது படிவம் நிரப்புவது மட்டுமில்லை. ஸ்டாக் ஏறுகிறது, இறங்குகிறது, பணம் கைமாறுகிறது. அதை மேலிருந்து கீழாகப் படித்துப் புரிந்துகொள்ள முடிய வேண்டும். கிளாஸ் வ்யூவில் அது நான்கு மெத்தடுக்குள் சிதறிவிடும்.

ஜாங்கோவே இந்த அனுபவத்தைப் பட்டுத் தேறியதுதான். 2003 வாக்கில் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரின் நாளிதழ் அலுவலகத்தில் ஏட்ரியன் ஹொலொவாட்டியும் சைமன் வில்லிசனும் தொடங்கியது அது. 2005 ஜூலையில் வெளியே விட்டார்கள். பட்டியல் பக்கம், விவரப் பக்கம் என்று திரும்பத் திரும்ப வருபவற்றுக்காக அப்போது ஜெனரிக் வ்யூக்கள் ஃபங்ஷன்களாக இருந்தன. ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு சின்ன மாற்றம் தேவைப்பட, எல்லாவற்றையும் ஆர்கியுமென்ட்டாகவே கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கு மேல் ஒன்று வேண்டுமென்றால் வழியில்லை. 2011-இல் வந்த 1.3 பதிப்பில் கிளாஸ் வடிவம் வந்தது, 1.5-இல் பழைய ஃபங்ஷன்களை எடுத்தேவிட்டார்கள். பொதுவாக்கிய ஃபங்ஷனுக்கு ஆர்கியுமென்ட் கூடிக்கொண்டே போனால், ஒரே வேலை என்று நாம் நினைத்தது உண்மையில் ஒரே வேலை இல்லை என்று அர்த்தம்.

அதற்கு உங்கள் நிரலிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 'வாடகைத் தொகை' ஃபங்ஷனும் 'தாமதக் கட்டணம்' ஃபங்ஷனும் எழுத்துக்கு எழுத்து ஒன்று: எண்ணிக்கை, நாள், நாள் வாடகை மூன்றையும் பெருக்குகிறீர்கள். இதைத்தான் முதலில் இணைக்கப்போவதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். இன்று இரண்டும் ஒத்துப்போவது தற்செயல். முகூர்த்த நாளில் வாடகை கூட்டலாம் என்று முதலாளி ஒருநாள் சொல்வார். இன்னொரு நாள், தெரிந்தவர்களுக்கு ஒரு நாள் தாமதத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்பார். ஒரே ஃபங்ஷனாக இருந்தால் 'தாமதமா' என்று ஒரு கொடி (ஆம்/இல்லை என்று கொடுக்கும் ஆர்கியுமென்ட்), 'முகூர்த்தமா' என்று இன்னொரு கொடி என்று உள்ளே இஃப் மேல் இஃப் ஏறும். மூன்று வரி இரண்டு இடத்தில் இருப்பதால் ஒரு நஷ்டமும் இல்லை. எங்கேயாவது ஏற்கெனவே இப்படிக் கொடிகள் நிறைந்த ஃபங்ஷன் இருந்தால், அழைக்கும் இடங்களிலேயே அதன் உடலைத் திரும்பப் பிரதி எடுத்து ஒட்டி, அந்தந்த இடத்துக்குத் தேவையில்லாத இஃப் பகுதிகளை அழித்துப் பாருங்கள். எது உண்மையில் பொது என்பது அப்போதுதான் தெளிவாகத் தெரியும்.

இதற்கு நேர் எதிரானது ஜிஎஸ்டி. உங்கள் மாடலில் 0.18 என்று இருக்கிறது. ரசீது டெம்ப்ளேட்டில் '18 சதவீதம்' என்று எழுத்தாக இருக்கிறது. முன்பதிவுப் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட்டில் 1.18-ஆல் பெருக்குகிறீர்கள். மூன்றும் பார்க்க வேறு வேறு, தேடினாலும் ஒன்றாகக் கிடைக்காது, ஆனால் மூன்றும் ஒரே செய்தி. 1999-இல் நிரலாளர்கள் ஆண்டி ஹன்ட்டும் டேவ் தாமஸும் 'டிஆர்ஒய்' ('டோன்ட் ரிபீட் யுவர்செல்ஃப்', சொன்னதையே திரும்பச் சொல்லாதே) என்ற கொள்கைக்குப் பெயர் வைத்தபோது சொன்னதும் இதைத்தான்: ஓர் அறிவுக்கு ஒரே இடம். வரிகள் ஒத்திருப்பதைப் பற்றி அவர்கள் கவலைப்படவில்லை. 2025 செப்டம்பர் 22 அன்று நாடு முழுக்க ஜிஎஸ்டி அடுக்குகள் மாறின. விகிதத்தை இப்படிப் பல இடத்தில் தூவி வைத்திருந்தால் அந்த மாதிரி ஒரு நாளில் ஒவ்வொன்றாகத் தேடித் திரிய வேண்டியதுதான்.

விகிதத்தை ஒரு தனி மாடலில், எந்தத் தேதியிலிருந்து என்பதோடு வையுங்கள். ரசீது உருவாகும்போது அன்றைய விகிதத்தை ரசீதிலேயே எழுதிவிடுங்கள். அப்போது போன வருட ரசீதைத் திறந்தாலும் போன வருடக் கணக்கே வரும். இது பார்க்க ஒரு நகல் மாதிரி இருக்கும், ஆனால் இல்லை: ஒன்று இன்றைய விதி, மற்றது அன்று நடந்ததன் பதிவு. தொகைக்கு ஃப்ளோட் (சின்னப் பிசகு வரக்கூடிய தசம எண் வகை) வேண்டாம், டெசிமல் ஃபீல்டு வையுங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு விகிதத்தை 'ஜேசன் ஸ்கிரிப்ட்' ஃபில்டர் வழியாகச் சர்வரிலிருந்தே அனுப்புங்கள். பக்கத்தில் காட்டுவது உத்தேசத் தொகைதான், ரசீதில் ஏறுவது சர்வர் போட்ட கணக்கு.

வேலையைச் சின்னச் சின்ன கமிட்டுகளாகச் செய்யுங்கள். ஒரு நிரலை இடம் மாற்றுவதையும் அதற்குள் ஒன்றைத் திருத்துவதையும் ஒரே கமிட்டில் கலக்காதீர்கள். கிட் டிஃப்பில் 'கலர் மூவ்டு' என்ற விருப்பத்தைப் போட்டால், வெறுமனே இடம் மாறிய வரிகளைத் தனி நிறத்தில் காட்டும். உண்மையான மாற்றம் எது என்று கண் தேட வேண்டியதில்லை.

கடைசியாகக் கேட்டிருந்த நீக்கும் பொத்தான். ஐந்து பட்டியல் பக்கங்களில் ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனி கிளிக் ஃபங்ஷன் எழுதியிருக்கிறீர்கள். மொத்த அட்டவணைக்கும் ஒரே கிளிக் லிஸனர் (கிளிக் நடந்ததும் ஓடும் ஃபங்ஷன்) போதும். கிளிக் மேலே ஏறி வரும்போது, 'குளோசஸ்ட்' மூலம் அது நீக்கும் பொத்தானிலிருந்து வந்ததா என்று பாருங்கள். எந்தப் பதிவு என்பதைப் பொத்தானின் டேட்டா ஆட்ரிபியூட்டில் வைத்துவிடுங்கள். பின்னால் சேர்க்கப்படும் வரிசைகளுக்கும் அது தானாக வேலை செய்யும். உங்கள் ஐந்து பக்கங்களில் பொருள் பட்டியலில் மட்டும் நீக்குவது சாதாரண லிங்க்காக, கெட் கோரிக்கையாக (படிக்க மட்டும் பயன்பட வேண்டிய கோரிக்கை) இருக்கிறது. மற்ற நான்கும் போஸ்ட், சிஎஸ்ஆர்எஃப் டோக்கனோடு (வேறு தளம் பயனர் பெயரில் போலிக் கோரிக்கை அனுப்பாமல் தடுக்கும் ரகசியக் குறி) சரியாக இருக்கின்றன. இதுவும் பழைய பிரதியிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். லிங்க்குகளை முன்கூட்டியே எடுத்து வைக்கும் ஒரு பிரவுசர் எக்ஸ்டென்ஷன் போதும், பட்டியலைத் திறந்தவுடன் பொருள்கள் ஒவ்வொன்றாக அழிந்துவிடும். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால், இன்றைக்கே அதை போஸ்ட்டாக மாற்றிவிடுங்கள்.